சோறும் தொடுகறியும்: எபிரேய எண்களும் சொற்களும் பற்றி வாசகர் கேள்விகள்

கொச்சியின் யூதத் தெருவைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து, தமிழக, கேரள எல்லையின் இரு பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை எபிரேய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் இடையிலான உறவைப் பற்றியவை என்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே விடை எழுதுகிறேன்.

எங்கள் தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் 119ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது, பகுதிகளின் தலைப்பில் இருக்கும் 'ஆலெப்', 'பேத்', 'கிமெல்' ஆகியவை என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவை எபிரேய எழுத்துகள் என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் அண்மையில் வந்த ஒரு பிரசங்கியார், ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண் என்றும், அந்த எண்களைக் கூட்டினால் வேதத்தின் மறைபொருள் வெளிப்படும் என்றும் பேசிவிட்டுச் சென்றார். அது எவ்வளவு தூரம் உண்மை, ஐயா?
– ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. எபிரேயத்தில் 22 எழுத்துகள். 119ஆம் சங்கீதம் ஒவ்வோர் எழுத்துக்கும் 8 வசனங்களாக 176 வசனங்கள் கொண்டது. முதல் எட்டு வசனங்களும் ஆலெப்பில் தொடங்கும், அடுத்த எட்டும் பேத்தில் தொடங்கும், இப்படியே இறுதிவரை செல்லும். நம் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதைப் போன்றது இது. மொழிபெயர்ப்பில் அந்த அமைப்பு மறைந்துவிட்டதால்தான் தமிழ் வேதாகமம் எழுத்தின் பெயரைத் தலைப்பாக வைத்து அதை நினைவூட்டுகிறது.

எழுத்தே எண்ணாக நிற்பது நமக்கும் புதிதன்று. ஔவையார் பாடியதாக வழங்கும் 'எட்டேகால் லட்சணமே' என்ற தனிப்பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தமிழ் எண்களில் 8 என்பதற்கு 'அ' வடிவமும் கால் என்பதற்கு 'வ' வடிவமும் உண்டு. எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ', ஆகவே எட்டேகால் லட்சணம் அவலட்சணம். தமிழில் சில எழுத்து வடிவங்கள் மட்டுமே எண்ணாகவும் வழங்கின. எபிரேயத்திலோ 22 எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஆலெப் 1, பேத் 2 என்று தொடங்கி யோத் 10 ஆகும்; பிறகு பத்துப் பத்தாக ஏறி கோப் 100 ஆகும்; பிறகு ரேஷ் 200, ஷீன் 300, கடைசி எழுத்தாகிய தௌ 400. எண்களுக்கெனத் தனிக் குறிகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு கணக்கும் தேதியும் இந்த எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. ஆகவே எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கூட்டுத்தொகை இருப்பது அம்மொழிக்காரர்களுக்கு இயல்பாகவே கண்ணில் படும். இரு சொற்களின் கூட்டுத்தொகை ஒன்றாக அமையும்போது அவற்றை அடுத்தடுத்து வைத்துச் சிந்திக்கும் முறைக்குக் 'கெமத்ரியா' என்று பெயர். பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. முறை யூத அறிஞர்களின் கையில் வளர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டு போதும், இதன் சுவை தெரிந்துவிடும். ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் ஆபிராம், சிறைபிடிக்கப்பட்ட லோத்துவை மீட்க 318 பேரை அழைத்துச் செல்கிறார். அடுத்த அதிகாரத்தில் அவருடைய வேலைக்காரர் எலியேசரின் பெயர் வருகிறது. எலியேசர் என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 1, 30, 10, 70, 7, 200 – சரியாக 318. ஆகவே ஆபிராமோடு சென்றவர் எலியேசர் ஒருவரே என்று ஒரு விளக்கம், யூத அறிஞர்களின் சட்ட, உரைத் தொகுப்பாகிய தால்மூதில் பதிவாகியிருக்கிறது. இதைப்போலவே 'ஒன்று' எனப் பொருள்படும் 'எஹாத்' 13. 'அன்பு' எனப் பொருள்படும் 'அஹவா'வும் 13. இரண்டையும் சேர்த்தால் 26, அது இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரின் (யோத், ஹே, வாவ், ஹே) தொகை. திராட்சரசத்துக்கான 'யாயின்' 70, இரகசியத்துக்கான 'சோத்' 70. ரசம் உள்ளே போனால் இரகசியம் வெளியே வரும் என்ற தால்மூதின் கூற்றுக்கு இந்தக் கணக்கே பக்கபலம்.

இனி, பிரசங்கியாரின் இரண்டாம் பாதி. ஏறத்தாழ கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் 'அவோத்' என்றொரு பகுதி உண்டு. அதில் ரபி எலெயாசார் ஹிஸ்மா என்னும் அறிஞர், பலிக்குரிய பறவைகள் பற்றிய விதிகள் போன்ற, வாசிப்பதற்கே வறண்ட சட்டங்களைச் சொல்லி அவையே சாரமானவை என்கிறார். வானியல் கணக்கும் கெமத்ரியாவும் ஞானத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டங்கள் என்கிறார். நம் விளவங்கோட்டுப் பக்கத்துச் சொல்லில் சொன்னால் தொடுகறி. இலையில் சோறு விழுந்த பிறகுதான் தொடுகறிக்கு வேலை. சோறில்லாத இலையில் இஞ்சிக்கறியையும் நார்த்தங்காயையும் மட்டும் வைத்து யாரும் விருந்து என்று சொல்வதில்லை. மரபு ஏற்கெனவே நம்பும் ஓர் உண்மைக்கு எண் சுவை சேர்க்கிறது. எண்ணிலிருந்து புதிய உண்மையைக் கறந்தெடுக்கலாம் என்பதைப் பெரும்பாலான யூத அறிஞர்கள் ஏற்றதில்லை, சட்டத்தை எண் கூட்டி முடிவு செய்ததும் அரிது. பிள்ளைகளுக்கு எழுத்துகளையும் மதிப்புகளையும் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள், அம்மா. கூட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இருக்கும். வசனத்தின் பொருளை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும்.

மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக மளிகை வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகள் இருக்கின்றன. தினமும் பார்க்கிறேன், படிக்கத் தெரியவில்லை. அங்குள்ள பழைய கல்வெட்டுகளில் ஆண்டு எப்படிக் குறிக்கப்படுகிறது என்பதையும் விளக்குவீர்களா?
– ஒரு வியாபாரி, மட்டாஞ்சேரி

ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. மணிக்கூண்டு 1760இல் எசெக்கியேல் ராகபி என்ற வணிகரால் எழுப்பப்பட்டது. அந்த முகத்தைப் படிப்பது எளிது. 1 முதல் 9 வரை ஒற்றை எழுத்துகள், 10 இருக்கும் இடத்தில் யோத் மட்டும், 11 இருக்கும் இடத்தில் யோத்தும் ஆலெப்பும், 12 இருக்கும் இடத்தில் யோத்தும் பேத்தும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் யோத் வலப்பக்கம் நிற்கும்; மேற்கோள் குறியைப் போன்ற மிகச் சிறிய எழுத்து அது. 12 மணியோடு கடிகாரத்தின் எண்கள் முடிந்துவிடுவதால் ஒரு சிறப்பு அதில் தெரியவராது: 15ஐ முறைப்படி 10, 5 என்று யோத்தும் ஹேயும் இட்டு எழுத வேண்டும், ஆனால் அது திருப்பெயரின் ஒரு பகுதியாகிவிடும் என்பதால் 9, 6 என்று எழுதுவார்கள். 16உம் அப்படியே 9, 7 ஆகும். ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாள் மரங்களின் புத்தாண்டு. அதன் பெயராகிய 'தூ பிஷ்வாத்' என்பதில் உள்ள 'தூ', இந்த ஒன்பதும் ஆறும் சேர்ந்த ஒலியே.

ஆண்டுகள் உலகப் படைப்பிலிருந்து எண்ணப்படுகின்றன. எபிரேய ஆண்டிலிருந்து 3760ஐக் கழித்தால் பெரும்பாலும் நம் ஆண்டு வந்துவிடும். அவர்களுடைய புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு 3761ஐக் கழிக்க வேண்டும். ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். 1568 என்பது 5328; அதை 300, 20, 8 என்று ஷீன், காப், ஹேத் எழுத்துகளில் குறித்தால் போதும். ஜெப ஆலய முற்றத்துச் சுவரில் பதித்திருக்கும் கொச்சங்காடி ஜெப ஆலயத்தின் கல் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சேந்தமங்கலத்தில் 'இஸ்ரவேலின் மகள் சாரா' என்ற பெண்ணின் கல்லறைக் கல் அதற்கும் முந்தியது, 1269. இரு முறையும் அந்தக் கற்களுக்கு முன் நின்றபோது, நம் கரையில் பேசப்பட்ட மொழிகளின் எண்ணிக்கையை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

ஆண்டைக் குறிப்பதற்கு இன்னோர் அழகிய முறையும் உண்டு. வேதத்திலிருந்து ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் வேண்டிய எழுத்துகளின் மேல் மட்டும் புள்ளியிடுவார்கள். புள்ளியிட்ட எழுத்துகளைக் கூட்டினால் ஆண்டு வரும். தீய பொருள் தரும் சேர்க்கையைத் தவிர்க்கவும் செய்வார்கள். 1983, 1984இல் அமைந்த 5744ஆம் ஆண்டின் எழுத்துகளை வரிசையாக எழுதினால் 'அழிப்பாய்' என்ற பொருள் வந்தது. கடைசி இரு எழுத்துகளை இடம் மாற்றி எழுதியவர்கள் பலர்.

கேரளத்தில் இருக்கும் உங்களுக்கு, எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் கடபயாதி முறை நினைவுக்கு வந்திருக்கும். மேல்பத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை முடிக்கும் 'ஆயுராரோக்யஸௌக்யம்' என்ற சொல்லை அம்முறையில் எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலி நாள் 17,12,210 கிடைக்கும்; அது 1586ஆம் ஆண்டு. தீரசங்கராபரணம் 29ஆவது மேளம் என்று சங்கீத மாணவர்கள் பெயரிலிருந்தே சொல்வதும் இந்தக் கணக்கினால்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: கடபயாதியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கமாகி வரிசையில் உட்காருகிறது, எபிரேயத்தில் எழுத்துகளின் மதிப்புகள் கூட்டப்படுகின்றன. கூட்டலில் வரிசை மாறினாலும் தொகை மாறாது. அதனால்தான் 5744இன் எழுத்துகளை அவர்களால் இடம் மாற்ற முடிந்தது.

ஏழு என்ற எண் வேதாகமத்தில் எங்கு பார்த்தாலும் வருகிறதே, அதற்கு யூதர்கள் தரும் பொருள் என்ன? எட்டு, நாற்பது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு கல்லூரி மாணவர், குழித்துறை

ஏழின் பொருளை எண்ணில் தேடுவதைவிடச் சொல்லில் தேடுவது நல்லது, தம்பி. எபிரேயத்தில் ஏழுக்கு 'ஷெவா' என்று பெயர். ஆணைக்கு 'ஷெவுஆ' என்று பெயர். இரண்டுக்கும் ஷீன், பேத், ஆயின் ஆகிய மூன்று எழுத்துகளே வேர். எபிரேயத்தில் ஆணையிடுதல் என்பது, சொல்லளவில் பார்த்தால், தன்னை ஏழுக்குள் கட்டிக்கொள்வது போன்றது. ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் கிணற்றுத் தகராறு தீர்ந்து ஆபிரகாமும் அபிமெலேக்கும் உடன்படிக்கை செய்கிறார்கள். ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார், இருவரும் ஆணையிடுகிறார்கள், அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர் வருகிறது. அது ஏழின் கிணறா, ஆணையின் கிணறா என்று கேட்டால் இரண்டும்தான். கதை சொன்னவர் அந்த இரட்டைப் பொருளைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார். தமிழில் படிக்கும்போது ஆட்டுக்குட்டிகள் ஏன் ஏழு என்பது புரியாது. எபிரேயத்தில் அந்த எண்ணே ஆணையை உச்சரித்துவிடுகிறது.

ஒரு பிழையான எண்ணத்தையும் இங்கே திருத்திவிடுகிறேன். ஓய்வுநாளாகிய 'ஷபாத்' என்ற சொல் ஏழிலிருந்து வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அதன் வேர் ஷீன், பேத், தௌ. பொருள் நிறுத்துதல், ஓய்தல். நாள் ஏழாவது, சொல் வேறு. ஆனால் அந்த ஏழாம் நாளிலிருந்து ஒரு பெரிய கட்டடமே எழுந்தது. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் எபிரேயத்தில் சரியாக 7 சொற்கள், 28 எழுத்துகள். பஸ்காவிலிருந்து 7 வாரங்கள் எண்ணி வரும் திருநாளுக்கு 'ஷாவுஓத்', அதாவது வாரங்கள், என்றே பெயர். ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட வேண்டும். ஏழு ஏழாண்டுகள் கழிந்து 50ஆம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம் 25ஆம் அதிகாரம். நிலம் கைமாறி வழக்கேறிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கனம் தெரியும். திருமணத்தில் ஏழு ஆசிமொழிகள் ஓதப்படும். நெருங்கிய உறவினர் இறந்தால் வீட்டில் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து துக்கம் காக்கும் நாள்களும் ஏழு. அதன் பெயரே 'ஷிவா', ஏழு.

ஏழு படைப்பின் முழுமை என்பதால் எட்டு அதற்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படுகிறது. ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் எட்டாம் நாளில்; ஹனுக்கா விளக்குத் திருநாள் எட்டு இரவுகள்.

நாற்பது, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் கடக்கும் காலம். நோவாவின் காலத்து மழை 40 நாள், மோசே சீனாய் மலையில் இருந்தது 40 நாள், எலியா ஓரேபுக்கு நடந்தது 40 நாள், வனாந்தரத்தில் மக்கள் அலைந்தது 40 ஆண்டு. தூய்மைக்குரிய நீராட்டுக் குளத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவுகூட 40 'செஆ'. உள்ளே இறங்குபவர் ஒரு நிலையில் இறங்கி வேறொரு நிலையில் எழுகிறார். சபரிமலைக்கு மாலையிட்டு 41 நாள் மண்டல விரதம் இருப்பவர்களை ஆண்டுதோறும் காணும் நமக்கு, இத்தகைய காலக்கணக்கு ஓர் உடலையும் மனத்தையும் எப்படி மாற்றும் என்பது தெரிந்ததுதான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இதைக்கொண்டு வாதிடக் கூடாது.

என் தங்கை மகள் இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு அந்த வீட்டுப் பாட்டி 180 ஷெக்கல் அன்பளிப்பு கொடுத்தாராம். 200 ஆக்காமல் ஏன் 180?
– ஒரு குடும்பத் தலைவி, கொழிஞ்சாம்பாறை

மனம் நிறைந்து கொடுத்திருக்கிறார். 'உயிரோடிருத்தல்' எனப் பொருள்படும் 'ஹாய்' என்ற சொல்லில் ஹேத் 8, யோத் 10, மொத்தம் 18. அதனால் திருமணத்துக்கும் தருமத்துக்கும் 18இன் மடங்குகளில் பணம் கொடுப்பது அவர்களின் வழக்கம். 180 என்றால் பத்து மடங்கு ஆயுள். நாம் 101, 501 என்று ஒன்று சேர்த்து மொய் எழுதும் அதே மனம்.

கூடவே இன்னொன்றையும் உங்கள் தங்கை மகள் கவனித்திருக்கக்கூடும். பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். வந்தவர்களை ஒன்று, இரண்டு என்று தலை எண்ண மாட்டார்கள். 28ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம் எபிரேயத்தில் பத்துச் சொற்களால் ஆனது. ஆளுக்கு ஒரு சொல்லாக அதைச் சொல்லி முடித்தால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று பொருள். யாத்திராகமத்தில் மக்கள்தொகை எடுக்கும்போது ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்கிக் காசைத்தான் எண்ணினார்கள். மனிதர்களை நேரே எண்ணுவது ஆபத்து என்ற அச்சம் பழையது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கும் நம் முதியவர்கள் அந்த அச்சத்தை உடனே புரிந்துகொள்வார்கள்.

'ஆமென்' என்பது 'ஆம் என்' என்ற தமிழ்ச் சொற்களின் சேர்க்கை என்று ஒரு மேடையில் கேட்டேன். பெருமையாக இருந்தது. உண்மையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், செங்கோட்டை

அந்தப் பெருமையை நான் பறிப்பதாக எண்ண வேண்டாம், ஐயா, உண்மை வேறு. ஒலி பொருந்துகிறது, பொருளும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஆனால் 'ஆமென்' தன் சொந்த மொழியில் ஒரு பெரிய குடும்பத்தின் பிள்ளை. ஆலெப், மேம், நூன் என்ற வேருக்கு உறுதி என்று பொருள். அதிலிருந்து நம்பிக்கைக்கு 'எமூனா' வந்தது, கைத்தொழில் வல்லவனுக்கு 'உமான்' வந்தது, உண்மைக்கு 'எமெத்' வந்தது. ஆமென் என்று சொல்வது, கேட்ட சொல்லின் மேல் தன் முழு எடையையும் வைத்து நிற்பதாகும். உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் சாபங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும்போது மக்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லித் தங்களைத் தாங்களே கட்டிக்கொள்வதைப் பாருங்கள்.

கணக்கிலும் இது ஓர் அருமையான சொல். ஆமென் 1, 40, 50 சேர்ந்து 91. இறைவனின் நான்கெழுத்துப் பெயரின் தொகை 26. அதை யூதர்கள் உச்சரிப்பதில்லை, எழுதியிருக்கும் இடத்தில் 'அதோனாய்', ஆண்டவரே, என்று வாசிப்பார்கள். அதன் தொகை 65. இருபத்தாறும் அறுபத்தைந்தும் 91. எழுதப்படும் பெயரும் வாசிக்கப்படும் பெயரும் ஆமென் என்ற சொல்லில் சேர்ந்துவிடுகின்றன. தொடுகறிதான், ஆனால் என்ன சுவை!

'எமெத்' பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. அதன் எழுத்துகள் ஆலெப், மேம், தௌ: அரிச்சுவடியின் முதல் எழுத்து, நடுப்பகுதி எழுத்து, கடைசி எழுத்து. உண்மை தொடக்கம் முதல் இறுதிவரை பரந்து நிற்கிறது என்பது அறிஞர்களின் விளக்கம். முதல் எழுத்தாகிய ஆலெப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது 'மேத்', இறந்தவன். பிராகு நகரத்து மண்பொம்மைக் கதையில், பொம்மையின் நெற்றியில் எழுதிய எமெத் என்ற சொல்லின் முதல் எழுத்தை அழித்ததும் அது உயிரற்ற களிமண்ணாகிவிடுகிறது.

666 என்ற எண்ணைக் கண்டாலே எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள். புதிதாக வாங்கிய வண்டிக்கு அந்த எண் வந்துவிட்டது. என்ன செய்வது?
– ஓர் இளைஞர், களியக்காவிளை

வண்டியை நிம்மதியாக ஓட்டுங்கள். அந்த எண் வரும் வெளிப்படுத்தின விசேஷம் கிறிஸ்தவ மறைநூல். யூத மறைநூல் தொகுப்பில் அது இல்லை. ஆனால் புதிரை அவிழ்க்கும் திறவுகோல் எபிரேய எழுத்துக் கணக்கில் இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை எழுதியவரே அந்த எண் ஒரு மனிதனுடைய எண், கணக்குப் பாருங்கள் என்கிறார். 'நேரோன் கேசர்' என்று எபிரேயத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தி, கி.பி. 68இல் இறந்த ரோமப் பேரரசன் நீரோதான் அவன். சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நேரோன் என்பதை லத்தீன் வழக்கப்படி நேரோ என்று எழுதினால் ஒரு நூன் குறைந்து, அதாவது 50 குறைந்து, சரியாக 616 வருகிறது. இரு எண்ணுக்கும் ஒரே மனிதன் விடையாக வருவது இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று.

வீட்டில் இருப்பவர்களிடம் இதையும் காட்டுங்கள்: சாலொமோனுக்கு ஒரே ஆண்டில் வந்த பொன் 666 தாலந்து என்று 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரம் சொல்கிறது, சிறையிருப்பிலிருந்து திரும்பிய அதோனிகாமின் புத்திரர் 666 பேர் என்று எஸ்றா 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கெல்லாம் யாரும் நடுங்கவில்லை.

கொச்சி யூதர்களின் செப்பேட்டில் 72 உரிமைகள் வழங்கப்பட்டதாகப் படித்தேன். 72 எழுத்துள்ள இறைநாமம் யூத மறைஞானத்தில் உண்டாமே. சேர மன்னர் அதை அறிந்துதான் வழங்கினாரா?
– ஒரு வரலாற்று ஆர்வலர், தக்கலை

இல்லை. ஏறத்தாழ கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 விடுபேறும் (சலுகைகளும்) வழங்கியது உண்மை. வட்டெழுத்தில் உள்ள அந்த ஏடு நம் மொழி வரலாற்றுக்கும் பெருஞ்செல்வம். யூத மரபில் 72க்கு இடம் இருப்பதும் உண்மைதான்: யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்த மூன்று வசனங்கள் ஒவ்வொன்றும் 72 எழுத்துகள் கொண்டவை, அவற்றிலிருந்து ஒரு திருப்பெயரை அமைத்தார்கள். ஆனால் கி.பி. 849இல் கொல்லத்துக் கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு எழுதிக்கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அதே 72 விடுபேறு வருகிறது. அது சேர நாட்டு அரசு வழக்கில் இருந்த உரிமைத் தொகுதியின் எண். அந்தக் கொல்லத்துச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துகளோடு எபிரேய எழுத்திலும் இருக்கின்றன என்பதுதான், எண் ஒற்றுமையைவிட, நாம் வியக்க வேண்டிய செய்தி.

எபிரேய எண் கணிதப்படி என் மகனின் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் வேலை கிடைக்கும் என்று ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். ஆபிராம் ஆபிரகாம் ஆனதையே சான்றாகக் காட்டுகிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, குமுளி

கொடுக்க வேண்டாம். அவர் காட்டும் சான்றையே எடுத்துக்கொள்வோம். அது அவருக்கு எதிராகப் பேசுகிறது. ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிராம் என்ற பெயரில் 'ஹே' என்ற எழுத்து சேர்ந்து ஆபிரகாம் ஆகிறது. தமிழில் நடுவில் புகுந்த 'க' அந்த ஹேதான். சாராய் சாராள் ஆகிறார். அங்கே விழுந்துபோன 'ய்', யோத். யோத்தின் மதிப்பு 10. அதை இரண்டாகப் பிரித்து, ஐந்து மதிப்புள்ள ஒரு ஹேயைக் கணவருக்கும் இன்னொரு ஹேயை மனைவிக்கும் கொடுத்தார் இறைவன் என்று பழைய உரைமரபு விளக்குகிறது. கணவனுக்கு வந்த புதிய எழுத்து மனைவியின் பெயரிலிருந்து வந்தது என்று கண்ட அந்த உரைகாரரை நான் வணங்குகிறேன். ஆபிராம் 243, ஆபிரகாம் 248. யூத மரபு எண்ணும் 613 கட்டளைகளில் 'செய்' என்பவை 248, 'செய்யாதே' என்பவை 365. பெயர் மாறியது ஓர் உடன்படிக்கையின் அடையாளமாக. 248 என்பது பின்னர் வந்தவர்கள் அதில் கண்ட அழகு. காசு வாங்கிக்கொண்டு யாரும் அந்த எழுத்தைச் சேர்க்கவில்லை.

பெயர் மாற்றத்துக்கு யூத மரபில் இடமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மனிதனுக்கு எதிரான தீர்ப்பை நான்கு செயல்கள் கிழித்துப்போடும் என்கிறது தால்மூது: தருமம், மன்றாட்டு, பெயர் மாற்றம், நடத்தை மாற்றம். இன்றும் கடும் நோயில் கிடப்பவருக்கு 'ஹாயிம்', அதாவது உயிர், என்று ஒரு பெயரைக் கூடுதலாகச் சூட்டி அவருக்காகத் தொழுவார்கள். அங்கே பெயரின் பொருள்தான் வேண்டுதல். உங்களிடம் வந்தவரோ, தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதில் ஓர் எழுத்தை இரட்டித்துக் கூட்டுகிறார்; அந்த எழுத்துகளுக்கு எபிரேய மரபு எந்த மதிப்பையும் தந்ததில்லை. உங்கள் மகன் அவனுக்கு நீங்கள் வைத்த பெயரோடே விண்ணப்பத்தை அனுப்பட்டும். அந்தப் பணத்தை அவனுடைய படிப்புக்கோ தேர்வுக் கட்டணத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.